வீட்டிலேயே விக்டோரியக் காலத்து உடை: 1898-இல் இருந்து ஆரம்பியுங்கள்

விக்டோரியக் காலத்து உடையை, அந்தக் காலத்தில் தைத்த மாதிரியே, வீட்டில் இருக்கும் சாதாரண மெஷினில் தைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் தேடிப் போனால் கிடைக்கிற தகவல் இரண்டே வகை. ஒன்று ஹாலோவீன் வேஷத்துக்குப் போதுமான பாலியெஸ்டர் சமாச்சாரம். இன்னொன்று பல வருஷமாக இதிலேயே ஊறியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, புதிதாக வருகிறவருக்குப் பாதி புரியாது. எதை முதலில் தைப்பது, எத்தனை மீட்டர் வாங்குவது, எதை எப்போது ஆர்டர் செய்வது என்பதையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், அதனால் விலையெல்லாம் பவுண்டில். நான் வாங்கியபோது இருந்த விலை, முன்னே பின்னே இருக்கும். பெண்கள் உடை பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நேர்த்தையல் போடவும், சுருக்கு வைக்கவும், ஒரு ப்ளவுஸ் தைக்கவும் தெரிந்தால் போதும்.

1. முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள்

"விக்டோரியன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு துணி வாங்கப் போகாதீர்கள். விக்டோரியா ராணி 1837-இல் பட்டத்துக்கு வந்து 1901 ஜனவரியில் இறந்தார். இந்த அறுபத்து சொச்சம் வருஷத்தில் பெண்கள் உடையின் வடிவம் அடியோடு பல தடவை மாறியது. 1856-க்குப் பிறகு வந்த எஃகு வளையக் கூண்டுப் பாவாடை, 1870-களில் பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் பஸில், அப்புறம் சில வருஷம் உடம்போடு ஒட்டிய ஒல்லி வடிவம், 1883 வாக்கில் திரும்பவும் பஸில், 1895-இல் பலூன் மாதிரி ஊதிய கைகள். ஒன்றின் பாவாடையோடு இன்னொன்றின் மேல்சட்டையைச் சேர்த்தால் எந்த வருஷத்து உடையாகவும் இருக்காது.

முதல் உடைக்கு நான் சொல்வது 1898. கூண்டும் வேண்டாம், பஸிலும் வேண்டாம். 1895-இன் பூதாகரமான கைகள் அதற்குள் சுருங்கிவிட்டன, அதனால் துணி மிச்சம். அந்த வருஷத்தில் வேலைக்குப் போகிற பெண்களும் சைக்கிள் ஓட்டுகிற பெண்களும் போட்டது ஒரு பருத்திச் சட்டை, ஒரு கம்பளிப் பாவாடை, ஒரு பெல்ட். பார்க்க எளிமை, தைக்கவும் ஓரளவு எளிமை. இன்னொரு லாபமும் உண்டு: தையல் மெஷின் அதற்குள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, சிங்கர் காப்புரிமை வாங்கியதே 1851-இல். கையால் தைத்தால்தான் அசல் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். இந்த வருஷத்துக்கு மெஷின் தையல்தான் அசல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ரோச்செஸ்டரில் நடக்கும் டிக்கன்ஸ் விழாவுக்குத்தான் என்றால் 1898 பொருந்தாது, டிக்கன்ஸ் 1870-இலேயே போய்விட்டார்.

2. ஒரு கோப்பு போடுங்கள்

துணி வாங்கும் முன் ஒரு கோப்பு தயாராக இருக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: தேதி உறுதியாகத் தெரிந்த நாலைந்து புகைப்படம், அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் உடை இரண்டு மூன்று (முன், பின், முடிந்தால் உள்பக்கம்), அந்த வருஷத்துத் தையல் பத்திரிகைப் பக்கங்கள், உங்கள் அளவுத் தாள், வாங்கிய ரசீதுகள். லண்டனில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் உடைகளின் படத்தையும் விவரத்தையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பட்டரிக் நிறுவனம் நடத்திய 'டெலினியேட்டர்' மாதிரியான பழைய பத்திரிகைகள் காப்புரிமை முடிந்து இணைய ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. எந்தத் துணியில் எதைத் தைத்தார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும், அதுதான் பொன்னான தகவல்.

இங்கே இரண்டு பள்ளங்கள். பத்திரிகையில் வரைந்திருக்கும் நாகரிகப் படங்களை அளவு விஷயத்தில் நம்பாதீர்கள், அந்தப் பெண்களுக்கு இடுப்பே இருக்காது. உண்மையான உடம்பில் உடை எப்படி விழுந்தது என்பது ஸ்டூடியோ புகைப்படத்தில்தான் தெரியும். அதேபோல அருங்காட்சியக உடைகளும் பின்னால் யாராவது பிரித்துத் திருப்பித் தைத்தவையாக இருக்கலாம். விவரக் குறிப்பில் "பிற்கால மாற்றம்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பேட்டர்ன், அதாவது துணி வெட்ட வைத்துக்கொள்ளும் காகித மாதிரி. பெரிய கம்பெனிகளின் "காஸ்ட்யூம்" வரிசையில் வரும் பேட்டர்ன்களில் முதுகில் ஜிப் இருக்கும், கோர்செட் (எஃகுப் பட்டை வைத்துத் தைத்து, முதுகில் கயிறு கட்டி இடுப்பை இறுக்கும் உள்ளுடை) இல்லாமல் போடுகிற மாதிரி வெட்டியிருக்கும். அட்டைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேண்டாம். பழைய உடைகளை ஆராய்ந்து இன்றைய அளவுகளில் பேட்டர்ன் போடும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன, அமெரிக்காவின் ட்ரூலி விக்டோரியன் அதில் பெயர் பெற்றது. ஒரு பேட்டர்ன் 12 முதல் 20 பவுண்டு வரை ஆகும். உள்ளாடை, கோர்செட், பாவாடை, சட்டை என்று நாலு வேண்டும். அருங்காட்சியக உடையை அளந்து கட்டத்தாளில் சின்னதாக வரைந்த பேட்டர்ன்களும் உண்டு. ஆனால் அவை 120 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு பெண்ணின் உடம்புக்கானவை, பெரிதாக்கிய பிறகு உங்களுக்கு ஏற்ப மாற்றவும் தெரிய வேண்டும். இரண்டாவது உடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருந்து வாங்கினால் பிடிஎஃப்பாகவே வாங்குங்கள். தபால் செலவு மிச்சம், காத்திருப்பும் இல்லை. பிரிண்ட் எடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற வசதியை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், அதை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காமல் மீதிப் பக்கங்களை எடுக்காதீர்கள். அமெரிக்கத் தாள் நம் ஏ4-ஐ விட அகலம் கூட, உயரம் குறைவு. ஓரம் வெட்டுப்படுகிறதா என்று கவனியுங்கள். துணி, எஃகுச் சாமான்களை வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால் 135 பவுண்டு என்ற கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் இருந்து அதற்குள் இருக்கும் பார்சலுக்கு 20 சதவீத வாட் வரியை விற்பவரே வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் போனால் வரி, சுங்கம், கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். பெரிய ஆர்டர் ஒன்றை இரண்டு மூன்றாகப் பிரித்து வெவ்வேறு சமயம் போடுவது புத்திசாலித்தனம்.

3. அளவு எடுப்பது

ஊரில் டெய்லரிடம் அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. இந்த உடையின் அளவு உங்கள் உடம்பின் அளவு அல்ல, கோர்செட் போட்ட உடம்பின் அளவு. அதனால் அளவுத் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் இப்போதைய அளவு: மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, இடுப்பெலும்பின் மேல், பிருஷ்டம், கழுத்தடியில் இருந்து இடுப்பு வரை முதுகு நீளம், இடுப்பில் இருந்து தரை வரை முன்னால், பக்கவாட்டில், பின்னால். இரண்டாவது பத்தியைக் காலியாக விடுங்கள், கோர்செட் முடிந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு நிரப்ப வேண்டும். சட்டையும் பாவாடையும் இரண்டாவது பத்தியில் இருந்துதான் வெட்டப்படும்.

அவசரப்பட்டு வெளியுடையை முதலில் தைப்பதுதான் இந்தத் துறையில் எல்லோரும் விழுகிற குழி. கோர்செட் போட்டதும் இடுப்பு இரண்டு அங்குலம் குறையும், மார்பு மேலே ஏறும், நிமிர்ந்து நிற்பீர்கள், முன்பக்க நீளமே மாறும். உள்ளே இருந்து வெளியே என்பதுதான் வரிசை, அதில் பேரம் கிடையாது.

பேட்டர்ன் அளவைக் கடையில் வாங்கும் உடையின் எண்ணை வைத்து எடுக்காதீர்கள். கடையில் 12 போடுகிறவருக்குப் பேட்டர்னில் 16 வரலாம். அட்டவணையில் இருக்கும் அங்குலத்தை மட்டும் பாருங்கள்.

4. துணி

விதி ஒன்றுதான்: பருத்தி, லினன், கம்பளி, பட்டு. கலப்பு வேண்டாம். பாலியெஸ்டர் விழுகிற விதமே வேறு, இஸ்திரிக்கு மடியாது, ஐந்து அடுக்கு போட்டுக்கொண்டு நடந்தால் வெந்துபோவீர்கள்.

கடைக்காரர் கம்பளி என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். ஓரத்தில் இருந்து கொஞ்சம் நூலை உருவிக்கொண்டு வந்து, சிங்க் ஓரமாக வைத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும், மிஞ்சும் கருப்பு உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கிக் கெட்டியான மணியாக நிற்கும், அது பொடியாகாது. மணியும் சாம்பலும் சேர்ந்தே வந்தால் கலப்பு.

150 செ.மீ. அகலத்தில், நடுத்தர உடம்புக்கு உத்தேசமாக: சிம்மீஸுக்கு இரண்டரை மீட்டர் மெல்லிய பருத்தி, டிராயருக்கு ஒன்றரை, உள்பாவாடைக்கு மூன்று, கோர்செட்டுக்கு ஒரு மீட்டர் கூட்டீல் (இழுத்தால் கொடுக்காத கெட்டிப் பருத்தி), சட்டைக்கு இரண்டரை, பாவாடைக்கு நாலு மீட்டர் கம்பளியும் நாலு மீட்டர் பருத்தி லைனிங்கும். துணி 112 செ.மீ. அகலமென்றால் பேட்டர்னின் அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு கூடும். கம்பளியில் ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பும் இருந்தால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், அதற்கும் அரை மீட்டர் கூடுதல்.

லண்டனில் இருப்பவர்களுக்கு கோல்ட்ஹாக் ரோடு துணிக்கடைகளும் வால்தம்ஸ்டோ சந்தையும் தெரிந்திருக்கும், கம்பளித் துண்டுகள் அங்கே மலிவு. உள்ளாடைக்குப் புதுத் துணியே வேண்டாம். தர்மக் கடைகளில் (நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் 'சாரிட்டி ஷாப்') பழைய வெள்ளைப் பருத்தி படுக்கை விரிப்பு ஐந்து பவுண்டுக்குள் கிடைக்கும், பல தடவை துவைத்து மெத்தென்று இருக்கும், இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றில் சிம்மீஸும் டிராயரும் வந்துவிடும். லேபிளில் பாலியெஸ்டர் பெயர் இல்லையா என்று மட்டும் பாருங்கள், முக்கால்வாசி விரிப்பில் இருக்கும். ஊருக்குப் போய் வருகிறவர்கள் மல் துணியும் பாப்ளினும் ஐந்தாறு மீட்டர் வாங்கிவந்தால் இன்னும் நல்லது.

பருத்தி எல்லாவற்றையும் வெட்டும் முன் சூடான தண்ணீரில் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். கூட்டீல் மட்டும் துவைக்காமல் நீராவி இஸ்திரியோடு நிறுத்திக்கொள்ளலாம், கம்பளிக்கும் அப்படியே.

5. உள்ளாடைகள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிம்மீஸ், முழங்காலுக்குக் கீழே வரை வரும் டிராயர், உள்பாவாடை, கோர்செட்டின் மேலே போடும் கையில்லாத மெல்லிய ரவிக்கை. எல்லாம் நேர்வெட்டு, சுருக்கு, நாடா. ஓவர்லாக்கும் ஜிக்ஜாக்கும் அப்போது வீட்டு மெஷினில் கிடையாது. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து அடக்கித் தையுங்கள், துவைத்துத் துவைத்துப் போடுவதற்கு அதுதான் உழைக்கும். தையல் நீளம் 2 மி.மீ. வைத்தால் பார்க்கவே பழைய தையல் போல இருக்கும்.

டிராயரின் கவட்டைப் பேட்டர்ன் தைக்காமல் திறந்தே விடச் சொல்லும். அச்சுப்பிழை என்று நினைத்து மூடித் தைத்துவிடாதீர்கள். கோர்செட்டும் உள்பாவாடையும் பாவாடையும் போட்ட பிறகு இடுப்பு நாடாவை அவிழ்த்துக் கழிப்பறை போக முடியாது, அதனால்தான் அந்தத் திறப்பு. 1890-களில் மூடிய டிராயரும் இருந்தது, ஆனால் முதல் தடவைக்குத் திறந்தது தான் உங்களைக் காப்பாற்றும்.

உள்பாவாடையின் கீழ்ப்பகுதியில் ஒரு அகலமான சுருக்கு வரிசை வையுங்கள். மேல்பாவாடை காலோடு ஒட்டாமல் விரிந்து நிற்க அது போதும். லேஸ் வைப்பதானால் பருத்தி லேஸ் மட்டும்.

6. கோர்செட்

இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். உண்மையில் இதில் கடினமான தையல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் நேர்கோடு. பொறுமைதான் வேண்டும்.

கணக்கு இப்படி. உங்கள் இயல்பான இடுப்பு 30 அங்குலம் என்று வையுங்கள். முதல் தடவைக்கு இரண்டு அங்குலம் குறைத்தால் போதும், 28. முதுகில் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். ஆக கோர்செட்டின் இடுப்பு 26. பேட்டர்ன் "முடிந்த அளவு" என்று சொல்வது இடைவெளியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம். இறுக்கிக் கட்டி மயங்கி விழுந்த கதைகளை நம்பி இன்னும் குறைக்காதீர்கள். அந்தப் புகைப்படங்களில் இடுப்பு சிறுத்துத் தெரிவதற்குப் பாதிக் காரணம் மேலேயும் கீழேயும் வைத்த பஞ்சு. கர்ப்பம், குடலிறக்கம், ரத்த அழுத்தம் என்று எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது.

முதலில் சோதனைத் தையல். கெட்டியான காடாத் துணியில் வெட்டி, முதுகுப்பக்கம் ஐலெட் (கயிறு கோக்கும் ஓட்டைக்கான உலோக வளையம்) அடித்த இரண்டு பட்டித் துண்டுகளைத் தனியாகச் செய்து ஒட்டுத் தையல் போடுங்கள் (அதைப் பிரித்து அடுத்த தடவையும் பயன்படுத்தலாம்). இரண்டு மூன்று எஃகுப் பட்டைகளைக் காகித டேப்பால் ஒட்டுங்கள். சிம்மீஸ் மேல் போட்டுக் கட்டிவிட்டு முதுகை யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். கீழே அகன்றிருந்தால் இடுப்பெலும்புப் பக்கம் துணி போதவில்லை, மேலே அகன்றிருந்தால் மார்பில் போதவில்லை. அப்புறம் மர நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முன்பக்க எஃகு தொடையில் குத்தினால் நீளத்தைக் குறைக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது.

இந்தச் சோதனை முடியும்வரை, இந்த இரண்டு மூன்று பட்டை தவிர வேறு எஃகுச் சாமான் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். நீளம் மாறினால் வாங்கியதெல்லாம் வீண். முன்பக்கம் கொக்கி மாட்டுகிற இரட்டைப் பட்டைக்குப் பஸ்க் என்று பெயர், 8 முதல் 15 பவுண்டு. பட்டை நுழைகிற தையல் தடத்தின் நீளத்தைவிடப் பட்டைகள் மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ. குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். சுருள்கம்பிப் பட்டை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அசலாக இருக்க வேண்டுமென்றால் தட்டையான எஃகும், திமிங்கில எலும்புக்குப் பதிலாக விற்கும் ஜெர்மானியச் செயற்கைப் பட்டையும் போதும். அந்தச் செயற்கைப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டலாம் என்பது பெரிய நிம்மதி.

கூட்டீல் என்பது மீன்முள் நெசவுப் பருத்தி, இழுத்தால் கொடுக்காது. மீட்டர் 15 முதல் 25 பவுண்டு. முடியாவிட்டால் நெருக்கமான பருத்தி ட்ரில் இரண்டு அடுக்கு. இடுப்புக் கோட்டில் உள்பக்கமாக ஒரு நாடா ஓடவிடுங்கள், இழுவையைத் தாங்குவது அதுதான். பஸ்க் வைக்கும்போது வளையம் இருக்கும் பக்கம் அணிபவரின் வலதுகைப் பக்கம், குமிழ் இருக்கும் பக்கம் இடதுகைப் பக்கம். மேஜையில் விரித்து வைத்தால் மாறித் தெரியும், உடம்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். குமிழுக்கான ஓட்டையைக் கத்தரியால் வெட்டாமல் குத்தூசியால் நூல்களை விலக்கி நுழைக்க வேண்டும். ஐலெட்டுக்கும் இதே கதைதான்: நூலை வெட்டினால் இழுவையில் ஐலெட் பிய்த்துக்கொண்டு வரும். 5 மி.மீ., பின்பக்கம் வாஷர் உள்ள இரண்டு துண்டு வகை. ஐலெட் வரிசைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு தட்டை எஃகுப் பட்டை வராவிட்டால் முதுகு வில்லாக வளையும்.

முடிந்ததும் ஒரு வாரம் தினம் இரண்டு மணி நேரம் தளர்வாகப் போட்டுப் பழகுங்கள். அதற்குப் பிறகு அளவுத் தாளின் இரண்டாவது பத்தியை நிரப்பலாம்.

7. பாவாடை

1898 பாவாடை முன்னாலும் பக்கத்திலும் இடுப்பில் சுருக்கமே இல்லாமல் படிந்து, பின்னால் மட்டும் ஆழமான மடிப்புகளாக விழும். ஐந்து அல்லது ஏழு கலி (மேலே குறுகிக் கீழே விரியும் துண்டு). ஒவ்வொரு கலியிலும் நேர் ஓரம் முன்னோக்கியும் சாய்ந்த ஓரம் பின்னோக்கியும் வர வேண்டும், ஆக ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நேரும் ஒரு கிராஸும் சேரும். தைக்கும்போது கிராஸ் பக்கத்தைக் கீழே வைத்து, இழுக்காமல் விடுங்கள்.

லைனிங்கைத் தனிப் பாவாடையாகத் தைத்து உள்ளே தொங்கவிடுவது இன்றைய முறை. அப்போது ஒவ்வொரு கம்பளிக் கலியின் மேலும் அதே அளவு லைனிங் கலியை வைத்து, ஓரத்தில் ஒட்டுத் தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைத்தார்கள். பாவாடை விறைப்பாக விழுவதற்கு இதுதான் காரணம். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கம்பளியும் துவண்டுதான் தொங்கும்.

இணைத்து முடித்ததும் உடனே கீழ் ஓரத்தை மடிக்காதீர்கள். இரண்டு நாள் தொங்கவிடுங்கள், கிராஸ் பகுதிகள் இறங்கும். பிறகு கோர்செட், உள்பாவாடை, அன்று போடப்போகும் ஷூ எல்லாவற்றோடும் நின்று, இன்னொருவரைத் தரையில் இருந்து அளந்து குறிக்கச் சொல்லுங்கள். நடைப் பாவாடைக்குத் தரையில் இருந்து இரண்டு அங்குலம் சரி. உள்பக்கம் ஐந்து அங்குல அகலத்துக்குக் கெட்டித் துணி வைத்து, விளிம்பில் கம்பளிப் பின்னல் நாடா ஒன்றைத் தையுங்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைப்போமே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது: தேய்வது நாடா, பாவாடை அல்ல. பழசானால் பிரித்து மாற்றிவிடலாம்.

திறப்பு பின்னால், பத்து அங்குலம், கொக்கிகள். மடிப்புக்குள் ஒளிந்துவிடும். பையும் அங்கேயே வையுங்கள், செல்போன் உள்ளே போகிற ஆழத்துக்கு.

8. சட்டை

முதுகில் யோக் (தோளை ஒட்டி வரும் தனித் துண்டு), முன்னால் கழுத்திலும் இடுப்பிலும் சுருக்கு, தோளில் கொஞ்சமாகத் தூக்கிய கை. இடுப்பில் ஒரு நாடா வைத்து முன்னால் முடிந்துகொண்டால் சட்டை மேலே ஏறாது. தோளில் கை எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதுதான் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் கோப்பில் இருக்கும் 1898 படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிகமாகப் புடைத்தால் சுருக்கைக் குறையுங்கள்.

கழுத்துப்பட்டை தனியாகக் கழற்றுகிற வகை, ஸ்டட் (கழற்றி மாட்டும் பட்டன்) வைத்து மாட்டுவது. நீங்களே தைப்பதானால் மூன்று அடுக்கு லினன், அப்புறம் கெட்டியாகக் கஞ்சி, சூடான இஸ்திரி. ஸ்ப்ரே கஞ்சி இதற்குப் பத்தாது, வடித்த கஞ்சியோ காய்ச்சிய ஸ்டார்ச்சோதான் வேண்டும். கறுப்பு கோட்டு வக்கீல்களின் புண்ணியத்தில் இங்கிலாந்தில் கழற்றும் காலர் இன்னும் கடையில் விற்கிறது, கழுத்தளவு கிடைத்தால் வாங்கிவிடலாம்.

பட்டன் சிப்பிப் பட்டன். காஜா கையால் எடுத்தால் முன்பக்கத்தில் தெரியும் வித்தியாசம் பெரியது, ஆனால் வரிசையாக ஏழெட்டு எடுக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். முடியாவிட்டால் மெஷின் காஜாவின் மேல் கையால் ஒரு சுற்று போடுங்கள். என்னைக் கேட்டால் அது ஏமாற்று வேலையில் சேராது.

9. மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள்

பேட்டர்ன் நாலும் 60, உள்ளாடைத் துணி 20 முதல் 45, கோர்செட் சாமான் 60 முதல் 70, சட்டைத் துணி 20, கம்பளி 60 முதல் 90, லைனிங், நாடா, கொக்கி, பட்டன், காடா எல்லாம் சேர்த்து 50. ஆக 270-இல் ஆரம்பித்து 335 பவுண்டு வரை. குறைக்க வேண்டுமென்றால் கம்பளிக்குப் பதில் வெள்ளை அல்லது காக்கி நிறக் கெட்டிப் பருத்தியில் பாவாடை தையுங்கள், கோடைக்கு அன்றும் அப்படித்தான் போட்டார்கள், நாற்பது ஐம்பது மிச்சமாகும். கோர்செட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பத்து பதினைந்து பவுண்டுக்கு விற்கும் ஃபேஷன் கோர்செட்டில் பிளாஸ்டிக் பட்டைதான் இருக்கும், அதன் மேல் எதைப் போட்டாலும் 1898 வராது.

வார இறுதியில் மட்டும் தைக்கிறவருக்கு நாலைந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோர்செட்டுக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் போகும், நடுவில் சாமான் வரக் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் உள்பாவாடையை முடித்துவிடலாம். விழாவுக்குப் போவதாக இருந்தால் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாம் முடிந்து, ஒரு தடவை முழுதாகப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை நடந்து, மாடிப்படி ஏறி, சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

10. போட்டுக்கொள்ளும் வரிசை

சிம்மீஸ், டிராயர், காலுறை, ஷூ. ஆமாம், ஷூதான் முதலில். கோர்செட் போட்ட பிறகு குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. அப்புறம் கோர்செட், மேல் ரவிக்கை, உள்பாவாடை, சட்டை, பாவாடை, பெல்ட். கழற்றும்போது முதுகுக் கயிற்றை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் முன்பக்க பஸ்க்கை விடுவிக்க வேண்டும், இறுக்கத்தோடு பிடித்து இழுத்தால் குமிழ் வளைந்துவிடும், புது பஸ்க் வைப்பதென்றால் முன்பக்கத்தை முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். கழற்றிய கோர்செட்டைச் சுருட்டி அலமாரியில் திணிக்காமல், வியர்வை காயும்வரை நாற்காலி முதுகில் விரித்துப் போடுங்கள். கோர்செட்டைத் துவைப்பதில்லை, அதற்கு அடியில் போட்ட சிம்மீஸைத்தான்.